பலூன் இறங்கிய செவ்வாய்க்கிழமை

மதுக்கரையில் மாவுக்கடை வெங்கடம்மாளைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் இட்லி தோசை சாப்பிடாதவராகத்தான் இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக நான்கு கிரைண்டர் ஓட்டுகிறாள். காலை நாலரைக்கு முதல் ஈடு போட்டால் எட்டரைக்குத்தான் நிமிர்ந்து உட்காருவாள். அவள் அரைத்த மாவில் ஒரு குருணை விரலில் தட்டினால், தட்டியவருக்கு அன்றைய மாவு சும்மா. இதுவரை யாருக்கும் சும்மா கொடுத்ததில்லை.

ஐம்பத்தெட்டு வயதில் அவள் யார் முகத்தைப் பார்த்தும் ஒரு கடும் வார்த்தை சொன்னவளில்லை. மாவு வாங்கிப்போன தூக்குப்போசியை மூன்று மாதம் திருப்பித் தராதவர் எதிரில் வந்தால்கூட, "ஒண்ணும் அவசரமில்லீங்க, மெதுவாக் குடுங்க" என்பாள். அப்புறம் வீட்டுக்குள் வந்து அந்தத் தூக்குப்போசியைப் பற்றி அரைமணி நேரம் பேசுவாள். கேட்பதற்குக் கணவர் வரதராஜுலு இருந்தார். சிமென்ட் ஆலையில் கிரேன் பக்கம் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சத்தத்துக்குப் பழகியவர்.

அப்படிப்பட்டவள், மார்கழியின் கடைசிச் செவ்வாய்க்கிழமை, மடியில் ஒரு பை வரமிளகாயை வைத்துக்கொண்டு ஆனைமலைக்குப் புறப்பட்டாள். மாசாணியம்மன் கோவிலில் மிளகாய் அரைக்க. யாருக்கு எதிராக அரைக்கப் போகிறாளோ அந்தப் பெண், லோகப்பிரியா, அதே ஆம்னி வேனின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு உடுத்துவதற்காகப் பட்டுச்சேலை எடுக்க பீரோவைத் திறந்தபோது, வெங்கடம்மாளின் அம்மா போட்டிருந்த அட்டிகையைக் காணவில்லை. பச்சையும் சிவப்புமாகக் கல் வைத்தது. ஒரு கல் உதிர்ந்துபோய் ஓட்டையாக இருக்கும். பீரோ இருந்தது அரிசி டிரம் வைத்திருக்கிற உள்ளறையில். அந்த அறைக்குள் போய்வருகிற மூன்றாவது ஆள் லோகப்பிரியா மட்டும்தான். நான்கு வருஷமாகக் கடையில் வேலை செய்கிறவள். இருபத்தாறு வயது, சொந்த ஊர் ஆனைமலைக்கு அந்தப் பக்கம் கோட்டூர்.

வேறொருத்தியாக இருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பாள். வெங்கடம்மாளுக்கு வாய் வரவில்லை. கண்ணால் பார்க்காமல் ஒரு பிள்ளையைத் திருடி என்று எப்படிச் சொல்வது? அதனால் சொல்லவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து அரிசியைத் தானே அளந்து வெளியே கொண்டுவந்தாள். "நீ எதுக்குக் கண்ணு உள்ளுக்கும் வெளிக்கும் அலையறே" என்று சிரித்தபடி கதவைச் சாத்தினாள். அது பெரிய மரியாதை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

கார்த்திகை முதல் செவ்வாய் தனியாகப் பஸ் ஏறி ஆனைமலை போனாள். அநியாயம் நடந்தவர்கள் மிளகாய் அரைத்து அங்கே நீதிக்கல்லில் பூசி முறையிடுவார்கள். தொண்ணூறு நாளில் அம்மன் தீர்ப்புச் சொல்லும் என்பது நம்பிக்கை. சொன்ன பிறகு எண்ணெய்க்காப்புச் செய்து எரிச்சலைக் குளிர்விக்க வேண்டும். மற்றப் பெண்கள் அழுதுகொண்டே இரண்டு சுற்று சுற்றிவிட்டு எழுந்தார்கள். வெங்கடம்மாளுக்குத் தொழில் புத்தி விடவில்லை. முக்கால் மணி நேரம் உட்கார்ந்து வெண்ணெய்போல அரைத்தாள். கல்லில் பூசும்போதும் பெயர் சொல்ல மனம் வரவில்லை. "எடுத்த கை எரியோணும் தாயே, அது யாரா இருந்தாலுஞ் சரி" என்று மட்டும் வேண்டினாள். வீட்டுக்கு வந்து கணவரிடம் அதை அப்படியே சொன்னாள். அவர் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போனார்.

இரண்டு மாதமாகியும் ஒன்றும் நடக்கவில்லை. லோகப்பிரியாவின் கை எரியவில்லை. மாவுக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நன்றாகத்தான் இருந்தது. பெயர் சொல்லாததால்தான் அம்மனுக்கு விளங்கவில்லை என்ற முடிவுக்கு வந்தாள் வெங்கடம்மாள். இன்றைக்குப் போய்ப் பெயரைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். தை பிறந்தால் கணவருக்கு அறுபதாம் கல்யாணம். அதற்குள் அட்டிகை கழுத்துக்கு வந்தாக வேண்டும்.

"கோவிலுக்குப் போறீங்களாமா அக்கா? நானும் பொங்கலுக்கு ஊருக்குப் போகோணும், வேன்லயே வந்துக்கட்டுங்களா?" என்று முந்தின நாள் லோகப்பிரியா கேட்டாள்.

"அதுக்கென்ன கண்ணு, வா வா" என்றாள் வெங்கடம்மாள். வேறென்ன சொல்வாள், பாவம்.

வேன் கிணத்துக்கடவைத் தாண்டியபோது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. வரதராஜுலு ஓட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவர் வழக்கத்தைவிட மெதுவாகத்தான் போனார். ஒருமுறை, "கட்டாயம் இன்னிக்கே அரைக்கோணுமா அம்மணி?" என்று கேட்டார். வெங்கடம்மாள் பின்சீட்டைக் கண்ணால் காட்டி அவரை அடக்கினாள்.

பொள்ளாச்சிக்குக் கொஞ்சம் முன்னால், தென்னந்தோப்புக்கு மேலே உருண்டையாக ஏதோ ஒன்று எழுந்தது. வெங்கடம்மாள் அதைத் தண்ணீர் டேங்க் என்று நினைத்தாள். டேங்க் நகர்ந்தது.

"ஏனுங்க, நிறுத்துங்க" என்றாள்.

வேன் ஓரமாக நின்றது. இறங்கிப் பார்த்தால் ஒன்றில்லை, ஏழெட்டு. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வீட்டைவிடப் பெரிய பலூன்கள், கீழே கூடை தொங்க, கூடையில் ஆட்கள் நிற்க, ஒரு சத்தமும் இல்லாமல் மேலே போய்க்கொண்டிருந்தன. சூரியன் தோப்புக்குப் பின்னால் பாதி வந்திருந்தது. அவ்வளவு பெரிய பொருள் சத்தமில்லாமல் நகர்வதைப் பார்த்து வெங்கடம்மாள் வேன் கதவைக் கெட்டியாகப் பிடித்தாள். அப்போது ஒரு பலூனின் அடியில் குப்பென்று தீ எழுந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பயப்படாதீங்க அக்கா. அந்தச் சூட்டுலதான் அது மேல போகுமுங்க. எங்கூருப் பக்கம் பொங்கலானா இதுகள உடுவாங்க" என்றாள் லோகப்பிரியா.

இருபத்திரண்டு வருஷத்தில் வெங்கடம்மாள் சூரியன் உதித்துப் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அவள் கண் கிரைண்டருக்குள் இருக்கும். இப்போது ஒரே காலையில் இவ்வளவையும் பார்த்தால் மனம் தாங்குமா. அழுகை வரும்போல இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு அவள் மிளகாய்ப் பையை மறந்தேபோனாள்.

நன்றாகத் தெரிய வேண்டும் என்று மூவரும் சாலையோரத்துப் பள்ளத்தைத் தாண்டி, சோளத்தட்டு அறுத்துவிட்ட வெறுங்காட்டுக்குள் இறங்கினார்கள். பள்ளத்தில் வெங்கடம்மாள் தடுமாற, லோகப்பிரியா முழங்கையைப் பிடித்தாள். வெங்கடம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். முந்தானையைச் சரிசெய்வதுபோலத் தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

அப்போதுதான் மஞ்சள் பலூன் ஒன்று மற்றவற்றைவிட்டு விலகித் தாழ்ந்து வந்தது. முதலில் அழகாக இருந்தது. கூடையில் நிற்பவர்களின் முகம் தெரிந்தது. சேலை கட்டிய ஒரு பெண் கையாட்டினாள். காற்று திரும்பியது. காட்டின் அந்தக் கோடியில் கரண்டுக் கம்பி போகிறது, பலூன் அதைப் பார்த்து நகர்ந்தது. கையாட்டிய பெண் கையைக் கீழே இறக்கினாள்.

கூடை நிலத்தைத் தொட்டு, இழுபட்டு, மறுபடி எழும்பியது. உள்ளேயிருந்து ஒருவர் நீளமான கயிற்றை வீசி, "புடிங்க, யாராச்சும் கயித்தப் புடிங்க" என்று கத்தினார். வேடிக்கை பார்க்க நின்றவர்களில் இரண்டு பேர் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். காற்று ஒரு இழுப்பு இழுத்ததும் விட்டுவிட்டார்கள். விடாமல் பிடித்தவர் வரதராஜுலு.

அவர் எப்போது ஓடினார் என்று வெங்கடம்மாளுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற மனிதர் அங்கே குதிகாலை மண்ணில் ஊன்றிச் சாய்ந்து நின்றார். கயிறு அவர் கைக்குள் சரசரவென்று ஓடியது. முப்பது வருஷம் கிரேனுக்கடியில் நின்றவருக்குப் பிடித்த கயிற்றை விடத் தெரியாது. "உட்டுடுங்க, உட்டுடுங்க" என்று வெங்கடம்மாள் சொன்னது அவர் காதில் விழவில்லை. லோகப்பிரியா ஓடிப்போய்க் கயிற்றின் நுனியைப் பிடித்தாள். அதைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். கூடை தரையில் சாய்ந்து நின்றது. மஞ்சள் துணி மூச்சுப் போய், கம்பிக்கு இருபதடி இந்தப் பக்கம் படுத்தது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூடையிலிருந்து இறங்கிய பெண் மண்ணில் உட்கார்ந்து அழுதாள். எல்லாரும் வரதராஜுலுவைச் சூழ்ந்துகொண்டு தட்டிக்கொடுத்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தபடி நின்றார். தோல் உரிந்து செக்கச்செவேல் என்று இருந்தது.

வெங்கடம்மாள் அருகில் போனாள். "எரியுதுங்களா?"

"தீயா எரியுது அம்மணி" என்றார்.

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் வலியைவிடப் பயம் அதிகமாக இருந்தது. கார்த்திகையில் பாதிக் காப்பியை வைத்துவிட்டு எழுந்து போனாரே, அன்றைய முகம்.

"நாந்தான் எடுத்தேன்" என்றார் வரதராஜுலு. "பெரியகடை வீதி ஆசாரிகிட்ட இருக்குது. உதுந்த கல்லப் பதிச்சு, அறுவதாங் கல்யாணத்தன்னிக்கு உன்ற கழுத்துல போட்டுடலாம்னு நெனச்சேன். தீவாளிக்கே சொல்லியிருப்பேன், சொன்னா கெட்டுப்போயிருமேன்னு இருந்துட்டேன். அதுக்குள்ள நீ போயி அரைச்சுப்போட்டு வந்து நின்னே. அதுக்கப்பறம் எப்பிடிச் சொல்றது?"

வெங்கடம்மாள் அப்படியே சோளத்தாள் குத்தும் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மடியிலிருந்த பை சரிந்து மிளகாய் சிதறியது. எடுத்த கை எரிந்துவிட்டது. அவள் கேட்டதுதான் நடந்திருந்தது, கேட்ட வார்த்தை மாறாமல். இன்னும் ஒன்றரை மணி நேரம் கழிந்திருந்தால் லோகப்பிரியாவின் பெயரையும் சொல்லியிருப்பாள். கணவர் வாயை மூடிக்கொண்டு இரண்டு மாதம் அந்தப் பெண்ணை இப்படி விட்டுவைத்தாரே என்ற கோபமும் வந்தது. தான் செய்ததற்கு முன்னால் அந்தக் கோபம் நிற்கவில்லை.

லோகப்பிரியா தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் கையில் ஊற்றினாள். தன் துப்பட்டாவை இரண்டாகக் கிழித்து, இறுக்காமல் சுற்றினாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சுற்றி முடித்து, வெங்கடம்மாளுக்கு எதிரில் குத்தவைத்து, சிதறிய மிளகாயை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பைக்குள் போட்டாள்.

"கண்ணு, நானு..." என்று தொடங்கினாள் வெங்கடம்மாள்.

"தெரியுமுங்க அக்கா. அரிசி ரூம்புக் கதவச் சாத்துன அன்னிக்கே தெரிஞ்சுதுங்க."

"நான் ஒரு வார்த்த உன்னைச் சொல்லல கண்ணு."

"ஆமாங்க, சொல்லலீங்க. அதுதானுங்க எனக்குச் சிரமமாப் போச்சு." லோகப்பிரியா நிமிராமல் பேசினாள். "கார்த்திகை கடைசிச் செவ்வா லீவு கேட்டனுங்களே, அன்னிக்கு நானும் மொளகா அரைக்கத்தான் போனேன். பழி சொன்ன நாக்கு எரியோணும்னு வேண்டப் போனேனுங்க. கல்லு முன்னால நின்னப்பறம், அக்காதான் நாக்குல ஒண்ணுமே சொல்லலியே, என்னன்னு வேண்டறதுன்னு தெரியல. கடைசியில, என்னைய நெனச்ச மனசு எரியோணும்னு பூசிப்போட்டு வந்தேன்."

அவள் பையின் வாயைச் சுருட்டி வெங்கடம்மாளின் மடியில் வைத்தாள்.

"எரியுதுங்களா அக்கா?" என்று கேட்டாள். கேலி இல்லை. மாவு புளித்ததா என்று கேட்கிற அதே குரல்.

"எரியுது கண்ணு" என்றாள் வெங்கடம்மாள்.

கை கட்டுப்போட்ட மனிதர் ஓட்ட முடியாது. லோகப்பிரியாதான் வேனை ஓட்டினாள். தினமும் கடைகளுக்கு மாவு கொண்டுபோய்ப் போடுகிறவள் அவள்தானே. பொள்ளாச்சியில் ஒரு கிளினிக்கில் மருந்து போட்டுக்கொண்டு ஆனைமலை போய்ச் சேர்ந்தார்கள். வானத்தில் மிச்சமிருந்த பலூன்கள் வழியெல்லாம் தெரிந்தன. வெங்கடம்மாள் தலையைத் தூக்கவில்லை.

கோவில் வாசலில் பூசைக்கடைக்காரம்மா, "மொளகா வேணுங்களா?" என்று கூப்பிட்டாள்.

"நல்லெண்ண குடுங்க. ரெண்டு பாட்டல்" என்றாள் வெங்கடம்மாள். ஒன்றை லோகப்பிரியாவிடம் நீட்டினாள். "என்ற வேண்டுதல் பலிச்சுப்போச்சு, உன்றதும் பலிச்சுப்போச்சு. வா கண்ணு, ரெண்டு பேருஞ் சேர்ந்து எண்ணெய்க்காப்புச் செஞ்சுபோட்டு வந்தர்லாம். ஆறிப்போகட்டும்."

லோகப்பிரியா பாட்டிலைப் பார்த்தாள். கோட்டூர் பஸ் வளைவில் திரும்பி வந்துகொண்டிருந்தது. வேன் சாவியை வரதராஜுலுவின் சட்டைப்பையில் போட்டாள். தன் பையைத் தோளில் மாட்டினாள்.

"நீங்க செஞ்சுபோட்டு வாங்க அக்கா. அண்ணனோட கைக்கு நல்லது. அவிய ஓட்டக்கூடாதுங்க, திரும்பிப் போக இங்கயே ஒரு டிரைவர் கேட்டுக்கங்க" என்றாள். "நான் அரைச்சது கார்த்திகை கடைசீங்க. எனக்குத் தொண்ணூறு நாளு முடிய மாசிக் கடைசி வரைக்கும் இருக்குதுங்க."

பஸ் வந்து நின்றது. படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"பொங்கல் முடிஞ்சு அடுத்த நாளே வேலைக்கு வந்தர்றேனுங்க அக்கா. நாலரைக்கே வந்துருவேன்."