இரண்டு விளக்குக்கும் ஒரே சந்தனம்

நாங்கள் கார் வாங்கியது போன பங்குனியில். சேலையூரில் எங்கள் தெருவுக்குள் அதைத் திருப்புவதே பெரும்பாடு. ஆனாலும் எனக்கு அது வீட்டுக்கு வந்த மகாலட்சுமி. சுவாதி நட்சத்திரம் தவறாமல் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போய் நரசிம்மரைச் சேவிப்பது எங்கள் வழக்கம். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி வந்த பிறகு பஸ்ஸில் ஏறி இறங்க முடியாமல் அது விட்டுப்போயிருந்தது. கார் வந்ததும் மறுபடி போக ஆரம்பித்தோம்.

ஆயுத பூஜையன்று அவர் காரைக் கழுவி பானெட்டைத் திறந்து வைத்தார். உழைக்கிற பொருள் எதையும் பொட்டில்லாமல் விடக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். மிக்ஸி, தையல் மெஷின், அரிவாள்மனை, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் வைத்த கையோடு காருக்கு வந்தேன். முன் விளக்குகளின் முதுகுப் பக்கம், பக்கத்துக்கு ஒன்றாகச் சின்னக் கறுப்பு ரப்பர் மூடி தெரிந்தது. இருட்டில் வழி காட்டுகிற விளக்காயிற்றே என்று, அந்த இரண்டு மூடிக்கும் சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்துத் தாராளமாகவே அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. இடது விளக்கின் கண்ணாடிக்குள் ஆவி கட்டியது. முதலில் இட்லிப் பானை மூடி மாதிரி முத்து முத்தாக நின்றது. பிறகு அடியில் தண்ணீரே தேங்கிவிட்டது. விளக்கைப் போட்டால் வெளிச்சம் குளத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி மங்கலாக விழுந்தது.

வாரண்டி இருக்கிறதே என்று தைரியமாக சர்வீஸ் சென்டருக்குப் போனோம். டை கட்டிய ஒரு தம்பி வந்து பார்த்தார்.

“மழைக்காலத்துல லேசா ஆவி வர்றது சகஜம் மேடம். லைட் போட்டு ஓட்டினா தானா போயிடும்.”

“போகலையே தம்பி. அடியில தண்ணி நிக்குது பாருங்க.”

அவர் பானெட்டைத் திறந்து செல்போன் வெளிச்சத்தில் உள்ளே குனிந்தார். குனிந்தவர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். “சார், இது என்ன சார்?”

நான் வைத்த சந்தனம் காய்ந்து, சிமெண்டுப் பூச்சு மாதிரி அந்த மூடியை மூடியிருந்தது.

“இதுதான் லைட்டோட மூக்கு. காத்து இது வழியாத்தான் போய் வரும். நீங்க அதை அடைச்சிட்டீங்க, ஆவி உள்ளயே தங்கிடுச்சு. இது கஸ்டமர் பண்ணதுல சேரும், வாரண்டி வராது. நீங்களேதான் மாத்திக்கணும்.”

பக்கத்தில் தன் வண்டிக்காகக் காத்திருந்த ஒருவர், “லைட்டு சூடாவுதேன்னு குளிர்ச்சிக்கு வெச்சிருப்பாங்க” என்றார். அங்கே எல்லோரும் சிரித்தார்கள்.

திரும்பும்போது என் வீட்டுக்காரர் ஒன்றுதான் சொன்னார். “சாமி கும்பிடறது தப்பில்ல. எங்க வைக்கணும்னு ஒரு இது வேணாமா?” திட்டியிருந்தால்கூடத் தேவலை.

விளக்கு கெட்டது எனக்குப் பெரிதில்லை. பூஜை போட்டுத்தான் கார் கெட்டது என்ற பேச்சு வீட்டில் நிலைத்துவிடுமே, இனி நான் சந்தனக் கிண்ணத்தை எடுக்கும்போதெல்லாம் அவர் முகத்தில் அது தெரியுமே என்பதுதான் என்னை அரித்தது. விளக்கேற்றும்போது பெருமாளிடம் சொன்னேன்: “தப்பு என்னுதுன்னா ஒத்துக்கறேன். இல்லேன்னா நீயே காட்டிக் குடு.”

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. வாசலில் கோலம் போட உட்கார்ந்தேன். கார் விளக்குகள் இரண்டும் நேர் எதிரே, என் கண் மட்டத்தில் இருந்தன. இடதில் தண்ணீர். வலது, துடைத்து வைத்த முகக்கண்ணாடி மாதிரி பளிச்சென்று இருந்தது. கோலப்பொடிக் கையோடு உள்ளே ஓடினேன்.

“ஏங்க, சந்தனம் ரெண்டுக்கும்தான வெச்சேன்?”

“ஆமா. அதுக்கென்ன இப்ப?”

“அப்ப வலது பக்கம் ஏன் காஞ்சு கெடக்கு?”

காபியைப் பாதியில் வைத்துவிட்டு லுங்கியோடு வாசலுக்கு வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பானெட்டைத் திறந்து இரண்டு மூடியையும் தடவிப் பார்த்தார். “கெளம்பு” என்றார்.

சர்வீஸ் சென்டரில் டை கட்டிய தம்பி, “ஒவ்வொரு லைட்டும் ஒவ்வொரு மாதிரி மேடம்” என்று இழுத்தார்.

“ஒரே வண்டி, ஒரே மழை, ஒரே கிண்ணத்துச் சந்தனம். மூக்கை அடைச்சா ரெண்டுக்கும்தான தம்பி மூச்சு முட்டணும்?”

பேச்சுச் சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். அவரிடமும் அதையே சொன்னேன். “ரெண்டு சந்தனத்தையும் சுத்தமா எடுத்துடுங்க சார். உள்ள காயவெச்சு, தண்ணி அடிச்சுப் பாருங்க. அப்பறமும் உள்ள தண்ணி வரலேன்னா என் தப்புதான், பேசாம போயிடறேன்.” சொல்லிவிட்டு, நரசிம்மா நரசிம்மா என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே நின்றேன்.

சந்தனத்தைச் சுரண்டித் துடைத்தார்கள். இடது விளக்குக்குள் சூடான காற்றை விட்டுக் காயவைத்தார்கள். வண்டி கழுவுகிற ஆள் குழாயைப் பிடித்து இரண்டு விளக்கின் மேலும் நெடுநேரம் தண்ணீர் அடித்தார். பிறகு குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

“சார், இங்க வாங்க. ரைட்டு காஞ்சுதான் கீது. லெஃப்ட்ட பாருங்க, கண்ணாடி ஓரத்துல தண்ணி கோடு மாரி எறங்கிகினு கீது.”

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மேனேஜர் கண்ணாடி பொருந்துகிற விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். “பசை சரியா ஒட்டல. தயாரிப்புலயே உள்ள குறை. போட்டோ எடுத்து கிளெய்ம் அனுப்பு” என்று அந்தத் தம்பியிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஆனாலும்மா, அடுத்த தடவை அந்த மூடியில மட்டும் வேணாம்” என்றார்.

“சரிங்க சார். நெத்தியில வைக்க வேண்டியத மூக்குல வெச்சுட்டேன். அந்தத் தப்பு என் மேலதான்.”

தம்பி சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

நாலு நாளில் வாரண்டியிலேயே புது விளக்கு வந்ததும் கூப்பிட்டு மாட்டினார்கள். அன்று சாயங்காலம் கொட்டுகிற மழையில் கேம்ப் ரோடு வழியாக வீட்டுக்கு வந்தோம். இரண்டு பக்கமும் வெளிச்சம் ஒரே மாதிரி நேராக விழுந்தது.

ராத்திரி நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் பல்லாவரத்தில் இருக்கும் தன் அக்காவுக்குப் போன் போட்டார். “அவ ஒரே ஒரு கேள்விதான்க்கா கேட்டா. மேனேஜர் அப்படியே எழுந்து நின்னுட்டார்” என்றார். அந்த மனிதர் முதலிலிருந்தே நின்றுகொண்டுதான் இருந்தார். அடுத்து தன் சிநேகிதருக்குப் போட்டார். அதில் நான் மொத்த சர்வீஸ் சென்டரையும் நிற்க வைத்துக் கேள்வி கேட்டிருந்தேன்.

நான் திருத்தவில்லை. கல்லில் தோசை தீய்கிற வாசனை வந்தது. அவர் சொல்லி முடிக்கட்டும் என்று கரண்டியோடு சமையலறை வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.