கை கோத்து நின்ற வகுப்பு

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு அக்காவின் வாழ்க்கையை யார் எழுதுவது என்று உறவினர் கூடிப் பேசியபோது எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். கடைசிவரை கூடவே இருந்த தங்கை நான் ஒருத்திதான். தொட்டதற்கெல்லாம் பயப்படுகிறவள் என்று குடும்பத்தில் பெயர் வாங்கியவளும் நானேதான். ஆகையால் அக்காவின் கதையில் என் பயமும் கலந்துதான் வரும், பொறுத்தருள வேண்டும்.

அக்கா பிறந்தது மலாக்கா காஜா பேராங்கில். அப்பா சாலை வேலைக்குப் போனார், அம்மா தோசை சுட்டு விற்றார். எங்களுக்கு ஒரு தம்பி இருந்தான். அவனுக்கு வலிப்பு வரும். ஜப்பான்காரன் காலத்தில் ஒருநாள் மழை பெய்து ஓய்ந்த நேரம், வீட்டெதிரே சாக்கடையில் முகம் குப்புற விழுந்து துடித்தான். ஓடி வந்தவர்கள் அவன் கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். காத்து கறுப்பு விலகட்டும் என்று தள்ளி நின்றார்கள். தண்ணீரிலிருந்து முகத்தைத் திருப்பி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தம்பி போய்விட்டான். அன்று தொட்டு, சாவி குலுங்கும் சத்தம் கேட்டாலே நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

அக்காவுக்கோ அது தீராத கேள்வியாகிவிட்டது. சண்டை முடிந்ததும் தெங்கேராவில் ஒரு பெண் டாக்டரிடம் மருந்து புட்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்தார். அந்த அம்மையார் மூளையின் படத்தைக் காட்டி, வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று விளக்கியிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்த அக்கா சோற்றைத் தொடவில்லை. "பேயும் இல்ல, சாபமும் இல்லடி. தலைக்குள்ள ஒரு கோளாறு, அவ்வளவுதான். ஒருத்தரும் நமக்குச் சொல்லலையே" என்று சொல்லிச் சொல்லி அழுதார். பிறகு ஆசிரியர் பயிற்சி எடுத்து, குருபோங்கைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சேர்ந்தார். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் வீட்டிலேயே இருந்துகொண்டார். உறவுக்காரர்கள் பேசாத பேச்சில்லை. அக்கா ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார், நான்தான் இரண்டு காதிலும் வாங்கிக்கொண்டேன்.

சுகாதாரப் பாடம் என்றால் நகம் வெட்டுவதும் பேன் பார்ப்பதும்தான். அக்கா அதற்குள் மூளையையும் நரம்பையும் கொண்டுவந்தார். தோட்டத்துக் கிராணி, அதாவது ஆபீஸ் கணக்கர், சிரித்தாராம். "பால் மரம் வெட்டப் போற பிள்ளைங்களுக்கு மூளைப் பாடம் எதுக்கு டீச்சர்?"

"மூளை இல்லாம மரம் வெட்டுனா கத்தி கால்ல விழும் ஐயா" என்றார் அக்கா.

பிள்ளைகளை வட்டமாகக் கை கோத்துக் கண்ணை மூடி நிற்கச் சொல்வார். அக்கா ஒரு கையை அழுத்துவார். அழுத்தம் வந்த பிள்ளை மறு கையால் அடுத்த பிள்ளையை அழுத்த வேண்டும். அது சுற்றிக்கொண்டு அக்காவிடமே வந்து சேரும். "பாத்தீங்களா? கையிலேர்ந்து தலைக்குப் போயி, தலையிலேர்ந்து மறு கைக்கு வந்திருக்கு. ஒருத்தரும் வாயே தொறக்கல, ஆனா சேதி போய்ச் சேந்துருச்சு" என்பார்.

அந்த வட்டத்தில் கனகம் என்ற சிறுமியின் கையை மட்டும் யாரும் பிடிக்க மாட்டார்கள். அவளுக்கும் வலிப்பு. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று பெற்றவர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அக்கா அவள் பக்கத்தில் போய் நின்று தாமே கையைப் பிடித்துக்கொள்வார். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், கையிலும் வாயிலும் எதையும் வைக்கக் கூடாது என்று வகுப்பு முழுவதற்கும் படுத்துக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார். கனகத்தையும் அவள் தாயாரையும் டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். வலிப்பு குறைந்தது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் எச்சரித்ததை அக்கா என்னிடம் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம், அன்றிலிருந்து என் தூக்கமும் குறைந்தது.

நாட்டுக்குச் சுதந்திரம் வந்த அந்த ஆண்டுதான் அக்கா பெரிய தவறு ஒன்று செய்தார். பாசாரில், அதாவது சந்தையில், ஆட்டு மூளை வாங்கி, தூக்குச்சட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டு போனார். எங்கள் டவுன் கோயிலில் திருவிழாவுக்குக் காப்புக் கட்ட இன்னும் ஒரு வாரம் இருந்தது. தோட்டத்து மாரியம்மனுக்கு முந்தின நாளே காப்புக் கட்டிவிட்டார்கள் என்பது அக்காவுக்குத் தெரியாது. காப்புக் கட்டிய பிறகு எல்லைக்குள் கவிச்சி நுழையக் கூடாது என்பது வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் தெரியாமல் இல்லை. சொன்னால் டீச்சர் சட்டியை மூடிவிடுவார் என்று ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. "டீச்சர், பேய் இதுல எந்தப் பக்கம் உக்காரும்?" என்று ஒருவன் கேட்டானாம். "பேய்க்கு இதுல இடம் இல்லடா. பேய்ப் பயத்துக்குத்தான் இடம்" என்றாராம் அக்கா.

அன்று மாலையே தண்ணீர்க் குழாயடியில் கனகத்துக்கு வலிப்பு வந்தது. ஆட்டு மூளையால் வந்த அம்மன் கோபம் என்று சேதி தோட்டம் முழுக்கப் பரவியது. மறுநாள் காலை பள்ளிக்கூடம் காலியாகக் கிடந்தது. கோயில் தலைவர் கனகத்தை அம்மன் முன்னால் உட்கார வைத்து, திருவிழா முடியும்வரை மாத்திரை கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றிரவு வீட்டில், வேலை போய்விடுமோ, தோட்டத்தார் அடித்துவிடுவார்களோ என்று நான் புலம்பினேன். அக்கா வாசலில் நின்றபடி, "மாத்திரை நின்னு போச்சுடி" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

விடிந்ததும் நானும் கூடவே போனேன். கோயில் முன் கூட்டம். மஞ்சள் துணி சுற்றிய கனகம் சோர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"டவுன்ல படிச்ச டீச்சருக்கு அம்மன் காப்பு தெரியாதோ?" என்றார் தலைவர்.

"கேக்காம விட்டது என் தப்புதான் ஐயா. தீட்டுக் கழிக்க என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்றேன். பிள்ளைக்கு மாத்திரைய மட்டும் நிறுத்தாதீங்க."

கனகத்தின் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எம்புள்ளய அம்மன் தண்டிச்சிட்டா. இனிமே மாத்திரையும் வேணாம், பள்ளிக்கூடமும் வேணாம்."

தலைவர் சொன்னபடியே அக்கா பள்ளிக்கூடத்தை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினார். ஈரப் புடவையோடு கோயிலைச் சுற்றி வந்து விழுந்து கும்பிட்டார். பிறகு மாத்திரைப் பொட்டலத்தை நீட்டினார். "நான் குடுத்தா தீட்டு ஐயா. அம்மன் காலடியில வெச்சு, பூசாரி கையால வேப்பிலைத் தண்ணியோட குடுக்கலாமே?"

தலைவர் கை நீட்டவில்லை. அந்த நேரத்தில் கனகத்தின் வாய் ஒரு பக்கம் இழுத்தது, விழுந்தாள். "சாவி! சாவி கொண்டாங்க!" என்று யாரோ கத்தினார்கள். நான் இரு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன்.

கூட்டத்தின் கால்களுக்கிடையில் நுழைந்து வகுப்புப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். "சாவி வேணாம்! சாச்சுப் படுக்க வைங்க! வாயில ஒண்ணும் வெக்காதீங்க!" ஒருத்தி தன் துணிப்பையைச் சுருட்டித் தலைக்கு அடியில் கொடுத்தாள். எந்தக் கையை யாரும் பிடிக்க மாட்டார்களோ அந்தக் கையை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். கனகத்தின் முகம் பக்கவாட்டில் திரும்பி, மூச்சு மெல்லச் சீரானது. என் தம்பிக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைத்ததைப் பார்த்து நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கனகத்தின் தாயார் எழுந்து வந்தார். அக்காவின் கையிலிருந்து பொட்டலத்தை எடுத்தார். "நானே வெக்கிறேன் அம்மன் காலடியில. யாரு தடுக்கிறாங்கன்னு பாக்குறேன்" என்றார். யாரும் தடுக்கவில்லை. திருவிழா நாட்கள் முழுவதும் பூசாரி கையாலேயே மாத்திரை நடந்தது. கனகம் பள்ளிக்குத் திரும்பினாள். அக்காவின் வேலையும் தப்பியது, ஆட்டு மூளைதான் போயிற்று. அதற்குப் பிறகு பிள்ளைகள் உறைந்த ரப்பர்ப் பாலைப் பிசைந்து மூளை செய்தார்கள். வீடு முழுக்க அந்த நாற்றம் என்று நான் சண்டை பிடித்ததும் உண்டு.

சென்ற ஆண்டு அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நாளில் போயின. ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டருக்கும் தாதிகளுக்கும், கிளேபாங்கிலிருந்து நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்த சித்தி குடும்பத்தாருக்கும், அக்காவைத் தூக்கிக் குளிப்பாட்டிய அண்டை வீட்டுச் சகோதரிகளுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த தோட்டத்து மக்களுக்கும், சடங்கை முன்னின்று நடத்திய அதே கோயில் தலைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னொரு நன்றி இருக்கிறது. பார்க்க வந்தவர்கள் அக்காவின் தலைமாட்டிலேயே, "நெனவு போயிருச்சு, இனிமே ஒண்ணுமில்ல" என்று பேசினார்கள். மறுத்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உள்ளே அக்கா இருக்கிறாரா, இல்லையா என்ற பயம்தான் என் வாழ்நாளிலேயே பெரிய பயம். அப்போது கனகம் வந்தாள். இப்போது அதே தோட்டத்து ஆயாக் கொட்டகையில் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள்.

"பசியாறினீங்களா டீச்சர்?" என்று, பதில் வரும் என்பது போலவே கேட்டாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "பேச்சுதான் போயிருக்கு சின்னம்மா. டீச்சர் போகல. நீங்க அந்தக் கையைப் பிடிங்க. கண்ண மூடுங்க."

நான் அக்காவின் இடது கையைப் பிடித்தேன். கனகம் ஒரு கையால் அக்காவின் விளங்காத வலது கையையும், மறு கையால் கட்டிலுக்கு மேலாக என் கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் அக்காவின் கையை அழுத்தியது எனக்குத் தெரியாது. நான் காத்திருந்தேன். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் வரவில்லை. வராது என்று நான் நினைத்த நேரத்தில், அக்காவின் இடது கை என் கையை மெல்ல அழுத்தியது.

நான் கண்ணைத் திறக்காமல் கனகத்தின் கையை அழுத்தினேன்.