மஞ்சள் டப்பாத் தேயிலை

எங்கள் தெருப் பூட்டுக்காரரைப் பற்றி ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. பெண்டாட்டி போனதிலிருந்து மனிதர் மகா கஞ்சனாகிவிட்டாராம். நல்ல தேயிலை வாங்க மனசு வராமல், மளிகைக்கடை மூட்டைக்கு அடியில் கிடக்கிற பொடியை வாங்கிப் போய் டீ போட்டுக் குடிக்கிறாராம். இஸ்திரி போடுகிற அம்மா இதற்குக் கண், காது, மூக்கெல்லாம் வைத்துவிட்டார். அவர் கணக்கில் பூட்டுக்காரர் டீக்கடைச் சக்கையை வாங்கி மொட்டைமாடியில் காயப்போடுகிறார்.

அந்த மளிகைக்கடை என்னுடையது. பொடியை நிறுத்துக் கொடுக்கிற கையும் என்னுடையதுதான். வம்பு பேசுவதில் நானும் யாருக்கும் சளைத்தவனில்லை. ஆனால் இதில் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, நடந்ததைச் சொன்னாலே போதும்.

பூட்டுக்காரர் எந்தப் பூட்டையும் திறப்பார், தன் சட்டைப்பையைத் தவிர. கல்யாணமான புதிதில் வீட்டுச் செலவுக்கு என்ன கொடுத்தாரோ, அதையேதான் கடைசிவரை கொடுத்துக்கொண்டிருந்தார். விலைவாசி ஏறியது அவர் காதில் விழவே இல்லை. ஆனால் டீ மட்டும் பெரிய கடையில் விற்கிற மஞ்சள் டப்பாத் தேயிலையில்தான் இருக்க வேண்டும். "மோந்து பாத்தே சொல்லிடுவேன், என்னை யாரும் ஏமாத்த முடியாது" என்று பட்டறையில் உட்கார்ந்து பெருமையடிப்பார்.

அவர் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். கடையடைக்கிற நேரம் பார்த்து வருவார். வாடின காய், உடைந்த பருப்பு, ஓரம் நசுங்கின சோப்பு என்று பொறுக்கி எடுப்பார். "நசுங்கினா என்னடா, நுரை வராதா? விலையக் குறை" என்பார். நான் குறைக்கும்வரை நகரமாட்டார்.

தேயிலை மூட்டை தீரும்போது அடியில் தங்குகிற பொடி அவருக்குத்தான். பாதி விலை. பக்கத்து மிட்டாய்க்கடையில் ஏலக்காய் உரித்துப் போட்ட தோலைக் கேட்டு வாங்கி, வெயிலில் காயவைத்து அதோடு கலப்பார். அந்தக் கலவை போய் உட்காருகிற இடம் பழைய மஞ்சள் டப்பா. நிஜத் தேயிலை அதில் இருந்தது என்றைக்கோ ஒரு காலத்தில்.

"மாட்டினா என்ன பண்ணுவீங்க அண்ணி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மாட்ட மாட்டேன் தம்பி. உங்க அண்ணன் தேயிலையையா குடிக்கிறாரு, டப்பாவைத்தானே குடிக்கிறாரு" என்றார்.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்த அண்ணி எழுந்திருக்கவே இல்லை.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் டப்பா காலியானது. பூட்டுக்காரர் பெரிய கடைக்குப் போய் அதே மஞ்சள் டப்பாவை வாங்கி வந்தார். தானே டீ போட்டார். ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார். கலப்படம் என்று அந்தக் கடையில் சண்டை. வேறு கடையில் இன்னொரு டப்பா. அதுவும் அப்படித்தான். கடைசியில் பழைய டப்பாவைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் கறுத்திருந்தது. சரியாகச் சாப்பிட்டே நாளாகியிருக்கும் போல.

"இதை மோந்து பாரு. இந்தத் தேயிலை இப்ப வர்றதே இல்லையா? ஒரு வாய் கிடைச்சா போதும்டா."

மூடியைத் திறந்தேன். என் மூட்டையும் ஏலக்காய்த் தோலும் ஒன்றாக எழுந்து வந்தன. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. மறைக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொன்னா கூடக் காசு கொடுத்திருப்பீங்களாண்ணே?"

டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். அப்புறம் கேட்டார்: "அந்தப் பொடியாவது ரெண்டு பேருக்கும் வர்ற மாதிரி வாங்கியிருக்கலாமில்ல? அவ வெந்நிதான் குடிப்பா. டீ ஒத்துக்காதுன்னு சொன்னா."

என் வாய் சும்மா இருந்திருக்க வேண்டும். "ஒத்துக்காதா? இங்க வந்தா நான் ஒரு கிளாஸ் கொடுப்பேனே. கடைசிச் சொட்டு வரைக்கும் குடிப்பாங்க."

அவர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். வாடிக்கையாளர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போய்ச் சாமான் வாங்கினார்கள்.

அன்றிலிருந்து அடிப்பொடி அவருக்குத்தான் போகிறது. பாதி விலைக்குத் தந்தால் வாங்கமாட்டார், முழு விலையை வைத்துவிட்டுத்தான் போவார். ஏலக்காய்த் தோலுக்கும் அவரே மிட்டாய்க்கடையில் போய் நிற்கிறார். தினமும் ரெண்டு டம்ளர் டீ போடுகிறார் என்றும் ஒன்று அப்படியே ஆறிக் கிடக்கிறது என்றும் எதிர்வீட்டில் சொல்கிறார்கள். அதை நான் பார்க்கவில்லை.

போன வாரம் அவர் பொடி வாங்க வந்தபோது இஸ்திரி அம்மாவும் கடையில் இருந்தார். வாய் நிற்கவில்லை.

"என்னண்ணே, வீட்டம்மா போனதும் பயங்கரக் கஞ்சனாயிட்டீங்களாமே? ஊரே பேசுது."

பூட்டுக்காரர் பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"கஞ்சன்கிறது சரிதாம்மா. ஆனா அவ போனதுக்கப்புறம் இல்ல, அவ இருந்தப்போ. ஊருக்குச் சொல்றதுன்னா அதைச் சரியா சொல்லு."