கடலைவிடக் கிணறு பாதுகாப்பு என்றார்கள்

1996-ம் வருஷம். எனக்குக் கல்யாணமான புதிது. நான் ராஜபாளையம், என் கணவர் ஸ்ரீவில்லிபுத்தூர், மடவார் வளாகத்துக்காரர். அந்தமானில், சுற்றுலா வருகிறவர்களுக்குக் காற்று சிலிண்டரை மாட்டிவிட்டுக் கடலுக்கு அடியில் கூட்டிப்போய்ப் பவளப்பாறை காட்டுகிற வேலை பார்த்தவர்.

அந்த வேலையை விட்டால்தான் பெண் தருவோம் என்று எங்கள் வீட்டில் ஒற்றைக்காலில் நின்றார்கள். முதல் ஆள் என் சித்தப்பா. "மலையில ஏறி விழுந்தாக்கூட தூக்கிட்டு வந்துரலாம். பைக்ல விழுந்தா ஆஸ்பத்திரி இருக்கு. கடலுக்கடியில யாரு இருக்கா?" என்றார்.

மாப்பிள்ளை பொறுமையாகத்தான் விளக்கினார். தனியாக இறங்க மாட்டோம், அடி தெரியாத இடத்துக்குப் போக மாட்டோம், சளி பிடித்தால்கூட அன்றைக்கு லீவு. பைக் ஓட்டுகிறவன் இதில் பாதி ஜாக்கிரதைகூடக் காட்டுவதில்லை என்றார். யார் காதிலும் ஏறவில்லை. என்னைப் பிடித்துப்போனதால் வேலையை ராஜினாமா செய்துவிட்டு, இங்கே ஒரு நூல் மில்லில் சேர்ந்தார்.

கல்யாணம் முடிந்து, சோழபுரத்தில் சித்தப்பா தோட்டத்தில் கறி விருந்து. புது மாப்பிள்ளை வந்தால் மச்சினன்மார் கிணற்றுக்குக் கூட்டிப்போவார்கள். மோட்டார் ரூம் மொட்டைமாடியிலிருந்து குதித்து, அடிமண்ணை ஒரு கை அள்ளி வந்து காட்ட வேண்டும். அப்படிக் காட்டாத மாப்பிள்ளையைப் பிள்ளை பிறந்த பிறகும் கேலி செய்வார்கள்.

என் கணவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். "அடியில கல்லு கிடக்கா? முதல்ல படி வழியா இறங்கிப் பாத்துட்டு வாரேன்" என்றார். மச்சினன்மார் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"கடல்லயே முங்குன ஆளு, கெணத்துக்குப் போயி யோசிக்கீகளே மாப்ளே! எம்புட்டுப் பேரு குதிச்ச கெணறு!" என்றார் சித்தப்பா. வேண்டாம் என்று நான் கத்தினேன். "சும்மா கெட ஏட்டி" என்று என்னை அடக்கினார்.

என் கணவர் குதித்தார். தானாக மேலே வரவில்லை, தூக்கித்தான் வந்தார்கள். போன மாதம் கிணற்றை ஆழப்படுத்த வெடி வைத்ததில் பெயர்ந்த பாறை அடியில் கிடந்ததாம். அதன் பிறகு யாரும் அதில் குதிக்கவில்லையாம். எல்லாவற்றையும் மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துத்தான் சொன்னார்கள். அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவே இல்லை.

சக்கர நாற்காலியைப் பார்க்கிறவர்கள், "கடல்ல அடிபட்டதா?" என்று கேட்பார்கள். ஒருநாள் சித்தப்பா முந்திக்கொண்டு, "ஆபத்தான பொழப்பு, சொன்னாக் கேட்டாத்தான?" என்றார். அவருக்குக் கொண்டுவந்த காபியை அவர் முன்னாலேயே முற்றத்தில் ஊற்றிவிட்டு உள்ளே போனேன். அதோடு பேச்சுவார்த்தை நின்றது.

என் கணவர் இன்றுவரை யாரையும் குறை சொன்னதில்லை. எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. கடலில் அவரோடு இறங்கிய ஊர் பேர் தெரியாதவர்கள்கூட, கூட வருகிறவர் உயிரைத் தங்கள் பொறுப்பாக நினைத்தார்கள். கிணற்றடியில் நின்ற அத்தனை சொந்தக்காரர்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.