ஐந்து பலகைகளும் ஜெகினும்

ஜெகின் முதன்முதலாகப் பனியைத் தொட்டபோது அவனுக்கு முப்பத்திரண்டு வயது. 2005 அக்டோபர் மாதம். துபாயின் பெரிய மால் ஒன்றுக்குள் செயற்கைப் பனிச்சரிவு கட்டி முடிக்கும் நிலையில் இருந்தது. வெளியே சட்டை முதுகில் ஒட்டுகிற வெயில், உள்ளே மைனஸ் இரண்டு டிகிரி. ஒரு பிடி பனியை அள்ளிப் பார்த்தான். ஐஸ் பெட்டியில் மீனுக்குப் போடுகிற உடைத்த ஐஸைப் போல இருக்கும் என்று நினைத்திருந்தான். இது உப்புத்தூள் மாதிரி விரலிடுக்கில் உதிர்ந்தது.

அவனுக்கு ஊர் குளச்சல் பக்கம். படகு வேலைக்காரன். கடலுக்கும் போயிருக்கிறான். ஆனால் அவனுக்குக் கை வந்தது ஃபைபர் படகுகளில் விரிசல் அடைக்கிற வேலை. அந்த வேலைக்குத்தான் அஜ்மானில் ஒரு படகுப் பட்டறைக்கு வந்து ஆறு வருடம் இருந்தான். பட்டறையை மூடப் போகிறார்கள் என்று தெரிந்த சமயத்தில், பனிச்சரிவில் ஃபைபர் தெரிந்த ஆள் தேடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். அவனும் போனான்.

அங்கே பொறுப்பாளராக இருந்தவர் மஹ்மூது, லெபனான் மலைப்பக்கத்துக்காரர். நேர்முகத் தேர்வு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முனை பிளந்த ஸ்னோபோர்டு ஒன்றை மேசைமேல் வைத்து, "இது என்ன, சொல்லு" என்று மட்டும் கேட்டார். ஜெகின் அப்படி ஒரு சாமானை அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான நீளம், ஒரு சாண் அகலத்துக்குக் கொஞ்சம் கூட, இரு முனையும் மேலே வளைந்த பலகை. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தான். பிளந்த இடத்தில் நகத்தை விட்டுப் பார்த்தான்.

"நடுவுல மரம். மேலயும் கீழயும் ஃபைபர். அடியில பிளாஸ்டிக், ஓரம் சுத்தி இரும்பு. ஒட்டு விட்டிருக்கு. ரெசின் ஊத்தி இறுக்கி வச்சா நாளைக்குச் சரியாவும்" என்று தனக்குத் தெரிந்த அரபியும் ஹிந்தியும் கலந்து சொன்னான்.

மறுநாளே வேலைக்குச் சேர்ந்தான்.

வாடகைக்குப் போய்த் திரும்புகிற போர்டுகளின் அடியில் மெழுகு தேய்ப்பது, இரும்பு ஓரத்தைத் தீட்டுவது, பள்ளம் விழுந்தால் நிரப்புவது, இவைதாம் அவனுடைய வேலை. கூட்டம் அதிகமானால் கவுண்டரில் நின்று ஆட்களுக்குப் போர்டு எடுத்துக் கொடுக்கவும் வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் சுவரில் ஒரு அட்டவணை ஒட்டியிருந்தது. இத்தனை சென்டிமீட்டர் உயர ஆளுக்கு இத்தனை சென்டிமீட்டர் போர்டு. மோவாய் வரைக்கும் வந்தால் போதும். ஜெகின் அதைப் பார்த்துத்தான் கொடுத்துக்கொண்டிருந்தான்.

2007 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை கௌஸ் முகைதீன் வந்தார். துபாயின் தேரா பகுதியில் அத்தர் கடை வைத்திருந்த காயல்பட்டினத்துக்காரர். வயது ஐம்பத்திரண்டு. குள்ளம், ஆனால் நல்ல கனம். பிள்ளைகள் இரண்டு பேரும் பனிச்சறுக்கு நன்றாகப் பழகியிருந்தார்கள். மாலிலிருந்து சரிவைப் பார்க்க வைத்திருந்த கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், தானும் ஏறிப் பார்ப்பது என்று வந்திருந்தார்.

"சார், உயரம் எவ்வளவு?" என்று ஜெகின் கேட்டான்.

"சார்னு கூப்புடாதீங்கோ தம்பி. எங்க ஊர்ல அண்ணன காக்கான்னுதான் கூப்புடுவோம், அப்படியே சொல்லுங்கோ. உயரத்தக் கேக்குறீங்களே, அகலத்தக் கேக்க மாட்டீங்களா?"

ஜெகின் சிரித்தான். அட்டவணைப்படி சின்ன போர்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தான். பூட்ஸ் மட்டும் பெரிய அளவாகத் தேட வேண்டியிருந்தது.

முக்கால் மணி நேரத்தில் கௌஸ் முகைதீன் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். ஆனால் முகம் வாடியிருந்தது. "நமக்கு வயசாச்சு தம்பி. ஆசைக்கு ஒரு அளவு வேணும்ல" என்று சொல்லிவிட்டுப் போர்டைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்தப் போர்டை ஜெகின் கவுண்டருக்குப் பின்னாலிருந்த ரிப்பேர் பட்டறைக்கு எடுத்துப் போய்க் கவிழ்த்துப் பார்த்தான். நடுவில் அழுத்தினான். லேசாக அழுத்தியதற்கே வளைந்து கொடுத்தது. தொண்ணூற்றைந்து கிலோவாவது இருக்கும் மனிதர் ஏறினால் என்ன ஆகும்? அது மட்டுமல்ல, அந்தப் பெரிய பூட்ஸை, ஆள் நிற்கிற மாதிரி குறுக்காக மேலே வைத்துப் பார்த்தபோது கால்விரல் பக்கம் போர்டைத் தாண்டி மூன்று விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. போர்டைச் சாய்த்த மாத்திரத்தில் பூட்ஸ் முனை பனியில் குத்தியிருக்கும். மனிதர் விழாமல் என்ன செய்வார்? அவருடைய வயதுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தான் கொடுத்த போர்டுதான் அவரைத் தள்ளிவிட்டது என்று ஜெகினுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வேனில் ஷார்ஜா திரும்பும்போதும் அதே நினைப்பாக இருந்தான். அங்கே ரோலா பகுதியில் அவர்கள் இருந்த ஃபிளாட்டில் ஒரு அறை அவனுக்கும் அவன் மனைவி லிண்டாவுக்கும். லிண்டா அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். சாப்பிடும்போது அவளிடம் சொன்னான்.

"உயரத்த மட்டும் பாத்து மருந்து குடுத்தா எப்பிடி இருக்கும்? எடை பாக்காண்டாமா?" என்றாள் லிண்டா. அவள் அதை யோசித்துச் சொல்லவில்லை, மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னாள். ஜெகினுக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த நாளிலிருந்து அவன் எடையையும் பூட்ஸ் அளவையும் கேட்க ஆரம்பித்தான். கூடவே, "எப்பிடி ஓட்டப் போறீங்க? சும்மா பழகவா, குதிக்கவா, வேகமா இறங்கவா?" என்றும் கேட்டான். பதிலை ரிப்பேர் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்தான்.

மே மாதம் ஒரு சேதி வந்தது. பழைய போர்டுகள் தேய்ந்துவிட்டதால் ஐம்பது புதிய போர்டுகள் வாங்கப் போகிறார்கள். விற்கிற கம்பெனி ஐந்து மாதிரிகளை அனுப்பியிருந்தது. ஜெகின் அவற்றுக்கு ஒன்று முதல் ஐந்து வரை டேப் ஒட்டி எண் போட்டான். ஒன்றாவது பார்க்க அழகு, எடையே இல்லை. இரண்டாவது வளைந்து கொடுக்கிற வகை, முன்னும் பின்னும் ஒரே வடிவம். மூன்றாவது நடுத்தரம். நான்காவது விறைப்பாக, நீளமாக, பின்முனை வெட்டினாற்போல இருந்தது. ஐந்தாவது அகலம்.

பயிற்சியாளர்கள் எல்லோருக்கும் நான்காவதைத்தான் பிடித்தது. மஹ்மூதுக்கு மூன்றாவது. "ஐம்பதும் மூன்றாவதே வாங்கிவிடலாம். ஒரே மாதிரி இருந்தால் தலைவலி இல்லை" என்றார்.

"இல்ல பாஸ். வர்ற ஆளு ஒரே மாதிரி இல்லியே" என்றான் ஜெகின்.

மஹ்மூது அவனை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் இல்லை. "ஜெகின், நீ நன்றாக ரிப்பேர் செய்கிறாய். ஆனால் ஒரு நாளாவது இதில் ஏறியிருக்கிறாயா?"

"இல்ல."

"ஏறிவிட்டு வந்து பேசு. ஜூன் கடைசி வரை நேரம் இருக்கிறது. யல்லா, கிளம்பு."

காலை ஏழிலிருந்து ஒன்பது வரை சரிவு ஊழியர்களுக்காகத் திறந்திருக்கும். ஜெகின் ஏறத் தொடங்கினான். முதல் வாரம் முழுக்க விழுந்தான். படகு எவ்வளவு ஆடினாலும் நிற்கத் தெரிந்தவனுக்கு இந்தப் பலகையில் நிற்க வரவில்லை. முழங்கை, இடுப்பு, முட்டி என்று ஒரு இடம் பாக்கி இல்லை. ஒரு நாள் கட்டைவிரல் வீங்கி வந்தான்.

"விரல மடக்குங்க பாப்போம்" என்றாள் லிண்டா. மடக்கினான். "எலும்புக்கு ஒண்ணும் இல்ல. நாளைக்கும் போவியளா?"

"போவேன்."

"அப்ப முட்டிக்கு எதாவது கட்டிட்டுப் போங்க. எனக்கு ஆஸ்பத்திரில பாக்குற ஆளு போதும்."

எட்டாவது நாள் ஒரு பயிற்சியாளன் பின்னாலிருந்து அவன் முதுகில் விளையாட்டாகத் தள்ளினான். தடுமாறாமல் நிற்க ஜெகின் முன்வைத்தது வலது காலை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வலை இழுக்கும்போதும் அவனுக்கு வலது கால்தான் முன்னால் இருக்கும். இத்தனை நாளும் எல்லோரையும் போல இடது காலை முன்னால் பூட்டிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தான். பட்டறைக்குப் போய், பூட்ஸைப் போர்டோடு பிடிக்கிற பூட்டுகளைக் கழற்றித் திருப்பி மாட்டினான். அன்றைக்கே பாதிச் சரிவு வரைக்கும் விழாமல் வந்தான்.

மூன்றாவது வாரத்தில் இரண்டு பக்கமும் திரும்ப வந்தது. பிறகு ஐந்து போர்டுகளையும் மாற்றி மாற்றி ஓட்டினான். இரண்டாவது போர்டு தவறு செய்தாலும் மன்னித்தது, ஆனால் வேகம் கூடினால் முனை படபடவென்று அடித்துக்கொண்டது. மூன்றாவது எதற்கும் இணங்கியது. நான்காவது மெதுவாகப் போனால் திரும்பவே மறுத்தது, வேகமாகப் போனால் கத்தி மாதிரி பனியைப் பிடித்தது. ஐந்தாவது ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சாயக் கொஞ்சம் நேரம் எடுத்தது, ஆனால் பெரிய பூட்ஸ் போட்டு ஓட்டிப் பார்த்தபோது எங்கும் உரசவில்லை. முதலாவதை, குதிக்கிற பையன்களுக்காகச் சரிவில் போட்டிருந்த இரும்புக் குழாய்மேல் நான்கு முறை சறுக்கவிட்டான். நான்காவது முறையே அடியில் கீறல் விழுந்து நார் தெரிந்தது.

ஜூன் கடைசியில் மஹ்மூதின் அறைக்கு ரிப்பேர் சீட்டுக் கட்டோடு போனான்.

"நூறு பேரு வந்தா எழுபது பேரு புதுசு. அவங்களுக்கு ரெண்டாவது. பழகுனவங்க இருபது பேரு, அவங்களுக்கு மூணாவது. குதிக்கிற பையங்களுக்கும் ரெண்டாவது போதும், முன்ன பின்ன ஒரே மாதிரி இருக்கதனால. வேகக்காரங்க சொந்த போர்டு கொண்டு வந்துருவாங்க, அதனால நாலாவது ரெண்டு போதும். கனமான ஆளுக்கும் பெரிய காலுக்கும் அஞ்சாவது ஆறு வேணும் பாஸ்."

"முதலாவது?"

"மாஃபி, வேண்டவே வேண்டாம். மூணு மாசம் தாங்காது."

மஹ்மூது சீட்டுகளைப் புரட்டினார். தமிழில் எழுதியிருந்ததால் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எண்களை மட்டும் பார்த்தார். "நாளைக் காலை என்னோடு இறங்கு" என்றார்.

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்து மேலேயிருந்து இறங்கினார்கள். மஹ்மூது சிறு வயதிலிருந்து மலையில் ஓட்டியவர். ஜெகின் அவருக்குப் பின்னால் வந்தான், நடுவில் ஒருமுறை விழுந்து எழுந்தான். கீழே போய் நின்றதும் அவர், "அகலம் ஆறு வேண்டாம், நான்கு. அந்த இரண்டுக்குப் பதில் மூன்றாவது எடுத்துக்கொள்வோம். மற்றது நீ சொன்னபடி. கலாஸ், முடிந்தது" என்றார்.

செப்டம்பரில் போர்டுகள் வந்து இறங்கின. ஜெகின் கணக்கில் ஒரு தப்பும் இருந்தது. சிறு குழந்தைகளுக்கான நீளத்தில் எத்தனை போர்டு வேண்டும் என்பதை மிகவும் குறைவாகச் சொல்லியிருந்தான். பள்ளிக்கூடங்களிலிருந்து கூட்டமாக வந்த நாட்களில் கவுண்டரில் திட்டு வாங்கினான். மஹ்மூது இன்னும் எட்டு வாங்கித் தந்தார்.

கௌஸ் முகைதீனின் தொலைபேசி எண் பழைய வாடகைச் சீட்டில் இருந்தது. நோன்புப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு ஜெகின் அவரை அழைத்தான்.

"காக்கா, பிப்ரவரில உங்களுக்கு போர்டு குடுத்த பையன் பேசுதேன். அன்னைக்கு நீங்க விழுந்தது உங்க தப்பு இல்ல. நான் குடுத்த போர்டு தப்பு. இப்ப சரியான போர்டு வந்திருக்கு. மனசிருந்தா வாருங்க."

"இதச் சொல்லவா தம்பி போன் போட்டீங்கோ?" என்றார் அவர்.

பெருநாளின் மூன்றாம் நாள் பிள்ளைகளோடு வந்தார். ஜெகின் அவரை நிற்க வைத்து முதுகில் மெல்லத் தள்ளினான். இடது கால் முன்னே வந்தது. ஐந்தாவது வகை போர்டில் அதற்கேற்பப் பூட்டுகளை மாட்டி, மணிக்கட்டுக்குக் காப்பும் கட்டிவிட்டான். அன்று கௌஸ் முகைதீன் பழகுகிற மேட்டில் ஏழெட்டு முறை விழுந்தார். ஒன்பதாவதோ பத்தாவதோ முறை, விழாமல் அடிவரை வந்து, நிறுத்தத் தெரியாமல் மெத்தை வேலியில் போய்ச் சாய்ந்தார். சாய்ந்தபடியே கையைத் தூக்கிக் காட்டினார். மகள் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு மாதம் இரண்டு முறையாவது வந்தார். வரும்போது ஜெகினுக்கு ஒரு சின்ன அத்தர் குப்பி கொண்டு வருவார். மெழுகு வாசம் நிறைந்த அந்தப் பட்டறையில் அத்தரைப் பூசி என்ன செய்வது என்று ஜெகின் அதை லிண்டாவிடம் கொடுத்துவிடுவான்.

மாதிரிக்கு வந்த ஐந்து போர்டுகளும் திருப்பி அனுப்பத் தேவையில்லை என்று கம்பெனி சொல்லிவிட்டது. மஹ்மூது, "ஒன்றை நீ எடுத்துக்கொள். எது வேண்டும்?" என்றார்.

ஜெகின் இரண்டு நாள் யோசித்தான். மற்றவர்களுக்கு நொடியில் எடுத்துக் கொடுக்கிறவனுக்குத் தனக்கு என்று வந்தபோது தீர்மானிக்க முடியவில்லை. மூன்றாவதுதான் எல்லாவற்றுக்கும் ஆகும். அதுதான் புத்திசாலித்தனம். லிண்டாவிடம் கேட்டான்.

"உங்களுக்கு அதுல என்ன செய்யப் பிடிக்கும்?" என்றாள் அவள்.

"காலையில ஆளு இல்லாத நேரத்துல, பனி இறுகிக் கிடக்கும்போது, மேலருந்து கீழ வரைக்கும் ஒரே மாதிரி வளைஞ்சு வளைஞ்சு வரணும். குதிக்கதுலாம் எனக்கு வேண்டாம்."

"அதுக்கு எது?"

"நாலாவது."

"பின்ன என்ன கேள்வி?"

நான்காவதை எடுத்துக்கொண்டான். ரோலா அறையில் அதை வைக்க இடம் கிடையாது, பட்டறைச் சுவரிலேயே மாட்டி வைத்தான். முதல் மாதம் அது அவனைப் பலமுறை தூக்கிப் போட்டது. குளிர்காலம் முடிவதற்குள் இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

2009இல் அவன் பட்டறைக்கும் வாடகைப் பகுதிக்கும் பொறுப்பாளனாக இருந்தான். சுவரில் இருந்த பழைய அட்டவணையைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று எழுதி ஒட்டியிருந்தான். எடை, பூட்ஸ் அளவு, முன்வைக்கும் கால், எப்படி ஓட்டப் போகிறீர்கள் என்று நான்கு கேள்விகள் அதில் இருந்தன, உயரம் ஐந்தாவதாக.

லிண்டா ஒரே ஒரு முறை போர்டில் ஏறினாள். இரண்டு முறை விழுந்ததும், "எனக்கு இது வேண்டாம், குளிருது" என்று இறங்கிவிட்டாள். ஆனால் விடுமுறை அமைந்தால் காலை பஸ் பிடித்து வந்து, கண்ணாடிக்கு வெளியே ஒரு காபியோடு உட்கார்ந்துகொள்வாள். ஜெகின் மேலேயிருந்து புறப்பட்டு, ஆளில்லாத சரிவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து இறங்கி வருவான். கீழே வந்ததும் திரும்பித் தன் தடத்தைப் பார்ப்பான். பிறகு கண்ணாடி அருகே வந்து, எப்படி இருந்தது என்று கையால் கேட்பான். அவள் காபியை வைத்துவிட்டு, இன்னொரு முறை போ என்று மேலே கை காட்டுவாள்.