கூண்டில் ஏறி ஒத்துக்கொண்டவர்கள்

வக்கீல் குமாஸ்தா வேலை என்பது, தான் வாய் திறக்கக் கூடாத இடத்தில் அடுத்தவன் வாயைக் காவல் காப்பது. அம்பதுகளில் கோயமுத்தூர் கோர்ட்டில் காத்துக் கிடந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். அதற்கு முன் பத்து வருஷம் பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகு பார்த்தவன் நான்; மாடாவது சொன்ன பேச்சுக் கேட்கும்.

விளக்கில்லாத சைக்கிள்

துடியலூர்க்காரர் ஒருவர் விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டிப் பிடிபட்டார். "ஒத்துக்கறேன்னு ஒரே வார்த்தை. அபராதத்தைக் கட்டிப்போட்டு அடுத்த பஸ்ஸுக்குப் போயிரலாம்" என்றேன். மனுஷன் கூண்டில் ஏறி, "ஒத்துக்கறனுங்க. ஆனா அப்ப இருட்டவே இல்லீங்க" என்றார். இருட்டவில்லை என்றால் குற்றமே இல்லையே! மாஜிஸ்திரேட் அதை மறுப்பு என்று எழுதி, சாட்சி விசாரணைக்கு வாய்தா போட்டார். மூன்று வாய்தா அலைந்து, கடைசியில் அதே அபராதம். நான் கத்திய கத்தலுக்கு அவர் நிதானமாகச் சொன்னார்: "ஒத்துக்கச் சொன்னீங்க, ஒத்துக்கிட்டனுங்க. அதுக்காக உண்மையச் சொல்லாம இருக்க முடியுங்களா?"

மரத்தடிப் பேரம்

மில் தொழிலாளி பழனிச்சாமி, வேலித் தகராறில் அக்கா புருஷன் நாச்சிமுத்துவை அடித்துவிட்டான். ஒத்துக்கொண்டால் தண்டனை, தண்டனை விழுந்தால் மில் வேலை போய்விடும். ராஜியானால் விடுதலை. கோர்ட்டு வேப்பமரத்தடியில் நாச்சிமுத்துவிடம் பேரம் பேசினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: அடித்தது தப்பென்று பழனிச்சாமி தன் வாயால் சொல்ல வேண்டும். "உள்ளே வேண்டாம், இங்கேயே சொல்லட்டும்" என்று முடித்தேன். அவனோ, "நான் தொடவே இல்ல" என்று விறைத்து நின்றான். எனக்கே கை துறுதுறுத்தது. நாச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார்: "இவன் இனி எப்படி மில்லுக்குப் போறான்னு பாத்துப்போடறனுங்க!"

கூண்டில்

"இல்லீங்க" என்று சொல்லச் சொல்லி அவனுக்குக் காலையிலிருந்து ஓதியிருந்தேன். மாஜிஸ்திரேட் "அடித்தாயா?" என்றதும் கையைக் கட்டிக்கொண்டான். "பெரியவங்க கேக்கறீங்க. அடிச்சனுங்க. தப்புதானுங்க."

மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார். பின்னாலிருந்து நாச்சிமுத்து பாய்ந்து வந்தார்: "எழுதிப்போடாதீங்க சாமி! நாங்க ராசியாயிட்டமுங்க! இவனுக்கு வேல போச்சுன்னா பொண்டாட்டி புள்ளைங்க எங்கூட்டுக்குத்தானுங்க வரும்!"

தீர்ப்புக்கு முன்னால் அடிபட்டவரே ராஜி என்றதால் விடுதலை. வெளியே வந்ததும் பழனிச்சாமியைப் பிடித்து உலுக்கினேன். அவன் சொன்னான்: "மச்சாங்கிட்ட எப்படீங்க தலை குனியறது? மாஜிஸ்திரேட்டுன்னாப் பரவால்லீங்க."

அன்றிலிருந்து எங்கள் கட்சிக்காரருக்குப் பேசச் சொல்லிக்கொடுப்பதை விட்டுவிட்டு, எதிர்க்கட்சிக்காரருக்கு டீ வாங்கிக்கொடுக்க ஆரம்பித்தேன்.