செடி கொடுத்தால் கேட் திறக்கும்

திருவள்ளூரில் அரிசி ஆலை முதலாளி ஒருவர் கட்டிவைத்த தர்ம ஆஸ்பத்திரிக்கு 1965-ல் வாட்ச்மேனாக வந்து சேர்ந்தார் முனிகிருஷ்ணன். அதற்கு முன் இருபது வருஷம் கவரைப்பேட்டைப் பக்கம் ஆடு மேய்த்தவர். எந்தச் செடியை ஆடு தின்னும், எதை முகர்ந்துவிட்டு நகரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

பெரிய டாக்டர் அருணகிரிக்கு ஆஸ்பத்திரியின் முன்பக்கம்தான் உயிர். குரோட்டன்ஸ் வரிசை, சுண்ணாம்பு அடித்த செங்கல் ஓரம். அதற்குத் தண்ணீர் ஊற்றுவதும் வாட்ச்மேன் தலையிலேயே விழுந்தது. டாக்டர் எட்டியே பார்க்காத பின்பக்கமோ அரை ஏக்கர் பொட்டல். உடைந்த இரும்புக் கட்டில்கள் குவிந்து கிடந்தன. நோயாளிகளுக்குத் துணை வந்தவர்கள் அந்த வெயிலில்தான் கல் கூட்டிச் சோறு பொங்குவார்கள். இதைப் பார்த்துப் பார்த்து முனிகிருஷ்ணனுக்கு எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்தால் அவருக்குக் குறும்பும் கூடவே வரும்.

பார்வை நேரம் மாலை நாலு முதல் ஆறு. மற்ற நேரத்தில் வருகிறவர்கள் வாட்ச்மேன் கையில் நாலணா திணிப்பார்கள். முனிகிருஷ்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"டப்பு வேணாம் நைனா. உங்க ஊர்ல தானா மொளச்ச செடி ஒண்ணு, வேர் மண்ணோட எட்த்துகினு வா. கேட்டத் தொறக்கிறேன்."

பேஜாரு பிடித்த மனுஷன் என்று திட்டிக்கொண்டே ஜனங்கள் கொண்டுவந்தார்கள். பொதட்டூர்பேட்டையிலிருந்து வெப்பாலையும் விளாவும் வந்தன. கவரைப்பேட்டையிலிருந்து நாவலும் நுணாவும். எல்லாவற்றையும் நெருக்கி நட்டார். துருப்பிடித்த கட்டில்களை நிமிர்த்தி மாடு புகாமல் வேலி கட்டினார். சமையல்கட்டுக் கழுநீரை வாய்க்கால் வெட்டித் திருப்பிவிட்டார்.

பழவேற்காட்டிலிருந்து வந்த மரியம் பீவி மட்டும் இலையே இல்லாத ஒரு மொட்டைக் குச்சியை நீட்டினாள். அவள் புருஷன் குடல்வால் ஆபரேஷன் முடிந்து உள்ளே கிடந்தான்.

"இன்னா பீவிம்மா, அடுப்புக்கா? வேர் எங்க?"

"உங்க ஆஸ்பத்திரியில ஒடம்ப அறுத்துத் தெச்ச மனுசனே பொழைப்பாருன்னு நான் நம்பிக்கினு இருக்கேன். குச்சிக்கு வேர் வரும்னு நீ நம்ப மாட்டியா?"

முனிகிருஷ்ணன் குச்சியை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தார். மூன்றாம் வாரம் குச்சி துளிர்த்தது. பூவரசு! கொம்பை ஒடித்து நட்டாலே பிழைக்கும் மரம். அடையாளம் தெரியக் கூடாதென்றே இலையை உருவிவிட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். ஆடு மேய்த்த தன்னையே ஒருத்தி ஏமாற்றிவிட்டாள் என்று இரண்டு நாள் தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

நாலு வருஷம் போனபின் டாக்டருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது: 'உங்கள் வாட்ச்மேன் கேட்டில் லஞ்சம் வாங்குகிறார்.' கையும் களவுமாகப் பிடிக்க டாக்டர் தானே கிளம்பினார். ஒரு நாள் உச்சிவெயிலில் அழுக்கு வேட்டி கட்டி, தலையில் முக்காடு போட்ட ஒருவர் கேட்டில் வந்து நின்றார். கையில் ஒரு ரூபாய். காலில் பாலிஷ் மின்னும் பூட்ஸ்.

முனிகிருஷ்ணன் பூட்ஸைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவே இல்லை.

"டப்பு இங்க செல்லாது நைனா. செடி இல்லாம உள்ள வுட மாட்டேன். போ, தேடி எட்த்துகினு வா."

டாக்டர் வெயிலில் கொஞ்ச தூரம் அலைந்தார். கடைசியில் வேறு வழியில்லாமல் முன்பக்கக் கம்பிக்குள் கையை விட்டு, தன் குரோட்டன்ஸிலேயே ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

"அய்யய்யோ, இதுவா? ஆடு கூட இத சீந்தாது! பெரிய டாக்டர் பார்த்தார்னா உன் தோல உரிச்சிருவாரு. நட்ட எடத்துலயே வெச்சிட்டு ஓடிப் போயிரு!"

டாக்டர் முக்காட்டை உருவினார். முனிகிருஷ்ணன் பதறியதுபோல் சல்யூட் அடித்தார்.

"நீ வாங்கின செடியெல்லாம் எங்கேடா?"

பின்பக்கம் போன டாக்டர் அப்படியே நின்றுவிட்டார். கட்டிடத்தின் முதல் மாடி ஜன்னலை நாவல் தொட்டுக்கொண்டிருந்தது. நிழலில் துணைக்கு வந்தவர்கள் படுத்துத் தூங்கினார்கள். மேட்ரன் கிரேஸ் நர்ஸுகளோடு டிபன் டப்பாவைத் திறந்துவைத்திருந்தவள், டாக்டரைக் கண்டதும் மூடினாள். ஒரு செம்போத்துப் பறவை மட்டும் யாருக்கும் பயப்படாமல் தத்திப் போனது.

குற்றப்பத்திரிகை எழுத உட்கார்ந்தார் டாக்டர். 'வாங்கிய பொருள்' என்ற இடத்தில் என்ன எழுதுவது? 'ஒரு காடு' என்று எழுதினால் டிரஸ்டிகள் சிரிப்பார்கள். குரோட்டன்ஸ் விஷயம் வெளியே வந்தால் இன்னும் சிரிப்பார்கள். காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"உனக்கு இனிமே கேட் கிடையாது. பின்பக்கம் போய் அந்தக் காட்டையே கட்டிக்கிட்டு அழு."

முனிகிருஷ்ணன் டாக்டர் காலில் விழுந்து, கேட்டைப் பிடுங்க வேண்டாம் என்று அழுது புலம்பினார். டாக்டர் அசையவில்லை.

சேதி கேட்டு முனிகிருஷ்ணனின் பெண்சாதி எல்லம்மாவும் மூக்கைச் சிந்த ஆரம்பித்தாள்.

"ஏ, சும்மா இரு," என்றார் அவர். "நான் அழலேன்னா அந்த ஆளு மனச மாத்திக்கினு திரும்பக் கேட்டுக்கே அனுப்பியிருப்பாரு."